மஞ்சளில் ஈயம், அரிசியில் ஆர்சனிக்: ஆய்வுச் செய்தியை எப்படிப் படிப்பது, அடுப்படியில் எதை மாற்றுவது

மாதம் ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. மஞ்சள் தூளில் ஈயம், அரிசியில் ஆர்சனிக், மீனில் பாதரசம், சாக்லேட்டில் காட்மியம் என்று. படித்துவிட்டுப் பதறுகிறவர்கள் பாதி, "எங்க அப்பத்தா இதையெல்லாம் தின்னுட்டுத்தான் தொண்ணூறு வயசு இருந்துச்சு" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் பாதி. இரண்டாலும் பிரயோசனம் இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் இந்த விஷயத்தில் கவனிக்க வேண்டிய இடம் நாலைந்துதான், அதிலும் முதலில் பார்க்க வேண்டியது பாத்திரம், அப்புறம்தான் அதற்குள் கொதிக்கிற சாமான். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் சமைக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும். ஒன்று மட்டும்: கீழே ஈயம் என்று வரும் இடமெல்லாம் காரீயம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பு வெள்ளீயம், அதற்குத் தனியாக வருகிறேன்.

ஆய்வு எந்தப் பக்கம் போகிறது

முன்பெல்லாம் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: இந்தக் காயில், இந்த மீனில் உலோகம் எவ்வளவு, சட்டம் சொல்லும் அளவுக்குள் இருக்கிறதா? அந்த மாதிரிக் கட்டுரைகள் இன்றும் குவிகின்றன, சீனாவிலிருந்து வருபவை மிக அதிகம். ஆனால் 2010இல் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் அதுவரை வைத்திருந்த "வாரத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை" என்ற அளவை வாபஸ் வாங்கிவிட்டது. பதிலுக்கு வேறு அளவும் வைக்கவில்லை. காரணம், எவ்வளவு குறைவாகப் போனாலும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியில் ஈயத்தின் பாதிப்பு தெரிந்தது, இதற்குக் கீழே ஒன்றும் செய்யாது என்று கோடு போட முடியவில்லை.

அதற்கப்புறம் ஆய்வு இதயத்தின் பக்கம் திரும்பியது. ஈயம் என்றால் குழந்தைகளின் அறிவுத்திறன், காட்மியம் என்றால் சிறுநீரகம் என்றுதான் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தார்கள். 2023இல் உலக வங்கி ஆய்வாளர்கள் லான்செட் பிளானட்டரி ஹெல்த் இதழில் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள்: 2019ஆம் ஆண்டில் மட்டும் ஈயத்தால் வந்த இதய, ரத்தக்குழாய் நோய்களில் உலகம் முழுக்க சுமார் 55 லட்சம் பெரியவர்கள் இறந்திருக்கலாம் என்று. அதே வருஷம் அமெரிக்க இதய சங்கமும் ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றையும் இதயநோய்க்கான காரணிகளாகக் கணக்கில் எடுக்கச் சொன்னது. ரத்தக்கொதிப்புக்கு உப்பைக் குறைக்கிற வீட்டில் பாத்திரத்தையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு போக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. உணவில் எவ்வளவு இருக்கிறது என்பதோடு நிற்காமல், செயற்கை இரைப்பை நீரில் ஊறவைத்து எவ்வளவு கரைகிறது, உடம்புக்குள் எவ்வளவு போகும் என்று அளக்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்றும் துப்பறிகிறார்கள். வங்கதேசத்தில் கர்ப்பிணிகள் ரத்தத்தில் ஈயம் ஏன் கூடுகிறது என்று தேடிப்போனவர்கள், கடைசியில் மஞ்சளைப் பளபளப்பாக்கத் தேய்க்கும் லெட் குரோமேட் என்ற, ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தில் போய் நின்றார்கள். 2019இல் அது வெளியானதும் அரசு மொத்தச் சந்தைகளில் கையடக்க எக்ஸ்ரே கருவியோடு இறங்கியது. கிட்டத்தட்ட நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கும் அதே முறைதான், வைத்த உடனே தெரிந்துவிடும். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த கலப்படம் 2021இல் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது. இந்தத் துறையில் இவ்வளவு சீக்கிரம் பலன் தெரிந்த கதை அபூர்வம்.

செய்தியில் எண் வந்தால்

முதலில் அலகைப் பாருங்கள். கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம், ஒரு பி.பி.எம். மூன்றும் ஒன்றுதான். பி.பி.பி. என்று இருந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைப்பில் 200 என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு உள்ளே பொடி எழுத்தில் பி.பி.பி. என்று போடுகிற ஆட்கள் நிறைய.

அடுத்து, பச்சையாக அளந்ததா, காயவைத்து அளந்ததா. முளைக்கீரை, அரைக்கீரை எல்லாம் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காயவைத்துப் பொடியாக்கி அளந்த எண்ணைச் சந்தையில் வாங்கும் கீரைக்கட்டுக்கு அப்படியே ஒட்டினால் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். கட்டுரையில் "உலர் எடை" என்று இருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பீதி அடங்கிவிடும்.

ஆர்சனிக் என்றால் எந்த ஆர்சனிக் என்று கேளுங்கள். இறாலிலும் மீனிலும் இருப்பது பெரும்பாலும் கரிம வகை, அவ்வளவாகக் கெடுதல் இல்லாதது. அரிசியிலும் தண்ணீரிலும் வரும் கனிம வகைதான் புற்றுநோய் வரைக்கும் போவது. "இறாலில் ஆர்சனிக்" என்று மொத்த அளவை மட்டும் போட்டுப் பயமுறுத்தினால் அந்தச் செய்தியை மூடிவைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

நிறையக் கட்டுரைகளில் டி.எச்.க்யூ. என்று ஒரு எண் வரும். ஒரு நாளைக்கு எவ்வளவு தின்கிறோம், அதில் உலோகம் எவ்வளவு, நம் எடை எவ்வளவு என்று கணக்குப் போட்டு, அனுமதித்த அளவால் வகுத்தது. ஒன்றுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்பார்கள். அந்த "எவ்வளவு தின்கிறோம்" என்ற எண்ணை ஆய்வாளர் எங்கிருந்து எடுத்தார் என்பதுதான் முக்கியம். வேறு நாட்டுக் கணக்கில் தினம் 100 கிராம் அரிசி என்று போட்டிருந்தால் மூன்று வேளையும் இட்லி, சோறு, இடியாப்பம் என்று போகிற நம்மூருக்கு அது உதவாது. அதோடு இது ஒவ்வொரு உணவாகப் பார்க்கிற கணக்கு. மஞ்சளில் கொஞ்சம், சோற்றில் கொஞ்சம், சட்டியிலிருந்து கொஞ்சம் என்று உடம்பு கூட்டித்தான் வாங்குகிறது.

பாத்திரம்

செட்டிநாட்டு வீடுகளில் சாமான் அறையைத் திறந்தால் பித்தளை அண்டா, வெண்கல உருளி, ஈயச்சொம்பு, எனாமல் கேரியர், பேசின் என்று சீர் சாமான் தலைமுறை தலைமுறையாக அடுக்கியிருக்கும். இப்போது பழைய பாத்திரத்தில் சமைப்பதுதான் ஆரோக்கியம் என்று ஒரு மோகம் வேறு. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கிப்போய் அப்படியே அடுப்பில் ஏற்றுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பாத்திரம் பழையது என்பதால் மட்டும் அது சுத்தமாகிவிடாது.

பித்தளையைக் கடைவதற்கு இளக்கமாக இருக்கட்டும் என்று ஈயம் சேர்ப்பது உண்டு. உள்ளே பூச்சு தேய்ந்த பித்தளையில் புளி பட்டால் பச்சையாகக் களிம்பு ஏறும், அது கண்ணுக்குத் தெரியும், வாந்தியும் வரும், நாமும் பாத்திரத்தை ஒதுக்கிவிடுவோம். ஈயம் கரைந்தால் நிறமும் இல்லை, கைப்பும் இல்லை.

உள்ளே வெள்ளீயம் பூசக் கொடுக்கும்போது கூடவே நில்லுங்கள். பூசுகிறவர் பாத்திரத்தைத் தேய்த்து, அடுப்பில் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவுவார், வெள்ளைப் புகை குப்பென்று எழும்பும். அந்தச் சூட்டிலேயே வெள்ளீயக் குச்சியை உள்ளே தொட்டு இழுத்துப் பஞ்சால் ஒரே சுற்றில் துடைத்தால் கண்ணாடி மாதிரி பரவிவிடும். அந்தக் குச்சியில்தான் விஷயம் இருக்கிறது. சுத்த வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு, பற்றவைக்கிற கம்பியில் இரண்டும் கலந்திருக்கும். "குச்சி என்ன குச்சி அண்ணே, எங்கே வாங்குனீங்க?" என்று கேட்பதில் தப்பில்லை. முடிந்தால் நம்பகமான இடத்தில் சுத்த வெள்ளீயம் நாமே வாங்கிக் கொடுத்துப் பூசச் சொல்வது இன்னும் நல்லது. ஈயச்சொம்புக்கும் இதே கதைதான். வெள்ளைத்தாளில் அழுத்தி உரசினால் கருப்பாகக் கோடு விழுந்தால் காரீயக் கலப்பு என்று சந்தேகப்படலாம். கோடு விழாததால் மட்டும் நல்ல சொம்பு என்று முடிவு கட்டாதீர்கள்.

இண்டாலியம் என்கிற அலுமினியக் கலவைச் சட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய உலோகச் சாமான்களை உருக்கி வார்க்கும்போது உள்ளே என்ன சேர்ந்தது என்று வார்க்கிறவருக்கே தெரியாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்கன் அகதிக் குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்ததைத் துரத்திப் போனவர்கள், அவர்கள் கொண்டுவந்த அலுமினியச் சட்டியையும் குக்கரையும் சோதித்து 2022இல் ஆய்வு வெளியிட்டார்கள். 2024 கடைசியில் அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இறக்குமதியாகும் சில பித்தளை, அலுமினிய, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து ஈயம் இறங்குகிறது என்று கடைக்காரர்களுக்கு எழுதியது. எல்லாச் சட்டியும் அப்படி என்று அர்த்தமில்லை. எது அப்படி என்று பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

சரி, என்ன செய்யலாம்? புளிக்குழம்பு, மண்டி (அரிசி களைந்த தண்ணீரில் வைக்கிற புளிப்புக் குழம்பு), ரசம், தக்காளித் தொக்கு, எலுமிச்சை, மோர், ஊறுகாய் இதெல்லாம் எவர்சில்வரிலோ பளபளப்புப் பூச்சு இல்லாத மண்சட்டியிலோ போகட்டும். புளிப்பும் சூடும் நேரமும் சேரச்சேர உலோகம் கரைவது கூடும். மீன்குழம்பு மறுநாள்தான் ருசி என்று ராத்திரி முழுக்க வைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு, எவர்சில்வருக்கு மாற்றி வையுங்கள், ருசி எங்கேயும் போய்விடாது. விசேஷத்துக்குப் பால் காய்ச்ச, பாயசம் கிண்ட நல்ல பூச்சுள்ள உருளி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எனாமலைக் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பாருங்கள். அந்தச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்குக் காட்மியமும் ஈயமும் சேர்த்த காலம் அது, விளிம்பு பொரிந்ததில் சாப்பாடு போட வேண்டாம். இன்னொன்று, வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், வத்தல், வடகம் காயப்போடும்போது பழைய பெயின்ட் உரிகிற கதவு, தூண் பக்கம் போடாதீர்கள், அந்தக் காலப் பெயின்டில் ஈயம் சாதாரணம்.

மஞ்சள், பட்டை

தெற்காசியா முழுக்க 23 நகரங்களில் 356 மஞ்சள் மாதிரிகள் வாங்கிச் சோதித்த ஆய்வு 2024இல் வந்தது. சுமார் 14 சதவீதத்தில் ஈயம் கிராமுக்கு 2 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது, பாட்னா போன்ற இடங்களில் ஆயிரத்துக்கும் மேல். பளபளப்பேற்றிய கிழங்கு மஞ்சளில்தான் அதிகம்.

இந்தியச் சட்டம் மஞ்சளில் கிராமுக்கு 10 மைக்ரோகிராம் வரை விடுகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை நாளுக்கு அரை கிராம் மஞ்சள் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொண்டால், சட்டத்துக்கு உட்பட்ட மஞ்சளிலிருந்தே 5 மைக்ரோகிராம் வரை போகலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பிள்ளைகளுக்கு எல்லா உணவையும் சேர்த்து நாளுக்கு வைத்திருக்கும் குறியளவே 2.2 மைக்ரோகிராம்தான். ஆக, "அளவுக்குள் இருக்கிறது" என்ற வரியைப் படித்ததும் நிம்மதியாகப் படுத்துவிட முடியாது.

வாங்கும்போது மங்கலான, மேலே லேசாகச் செதில் ஒட்டிய விரலி மஞ்சளை வாங்குங்கள். பளிச்சென்று மின்னுகிறதற்கு ஆசைப்பட வேண்டாம், அந்த மினுக்குக்காகத்தான் சாயமே போடுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய சோதனை: ஒரு கிழங்கைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். போட்ட உடனே தண்ணீர் பளீரென்று மஞ்சளானால் சாயம். இது மொத்தமாகப் பூசியதைத்தான் காட்டும், கொஞ்சமாகக் கலந்ததைக் காட்டாது. பிறகு கழுவிக் காயவைத்து, மிளகாய் மல்லி அரைக்கிற மில்லிலேயே கண்முன்னால் அரைத்துக்கொள்ளுங்கள்.

பட்டையிலும் இந்தச் சாயம் நுழைந்தது 2023இல் அமெரிக்காவில் தெரிந்தது. குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழில் போட்ட பட்டைத் தூளில் ஈயம் 2,000 பி.பி.எம்.முக்கு மேல், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள். நமக்கு இதில் ஒரு வசதி, பட்டை, கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் முழுசாகவே வாங்குகிறோம். அப்படியே தொடருங்கள், பொடியாக வாங்காதீர்கள்.

சோறு

நெல் தண்ணீர் நிற்கிற வயலில் வளர்வதால் மண்ணிலிருக்கும் ஆர்சனிக்கை மற்றப் பயிரைவிட அதிகம் இழுக்கும். நிலத்தடி நீரில் ஆர்சனிக் பெரிய பிரச்சினையாக இருப்பது மேற்கு வங்கம், பீகார் மாதிரி கங்கைக் கரைப் பக்கம். ஆனால் மூட்டையில் வரும் அரிசி எந்த ஊருடையது என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? வெப்பமும் காற்றில் கரியமில வாயுவும் சேர்ந்து ஏறினால் அரிசியில் ஆர்சனிக் கூடும் என்று 2025இல் ஒரு நீண்டகால வயல் ஆய்வும் சொல்லியிருக்கிறது. வயலைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் ஆர்சனிக் குறையும், ஆனால் காட்மியம் கூடும். விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நம் கையில் இருப்பது வடிப்பது. அரிசியைத் தண்ணீர் தெளியும் வரை களைந்து, ஒன்றுக்கு ஆறு பங்கு தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஆர்சனிக் 57 சதவீதம் வரை குறைந்ததாக 2006இலேயே ஆய்வு வந்துவிட்டது, தண்ணீரில் ஆர்சனிக் இல்லாமல் இருந்தால். குக்கரில் வைத்தால் எதுவும் வெளியே போக வழியில்லை. வடிக்க நேரமில்லை என்பவர்களுக்கு ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2020இல் சொன்ன முறை: கொதிக்கிற தண்ணீரில் அரிசியைப் போட்டு ஐந்து நிமிஷம் விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் அளவாக ஊற்றிச் சிறுதீயில் மூடி வேகவையுங்கள். வெள்ளை அரிசியில் 74 சதவீதம் போயிற்று, தவிடு நீக்காத அரிசியில் பாதிக்கு மேல். வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடிப்பவர்கள் மட்டும் யோசிக்க வேண்டும், வெளியேறியது அதில்தான் இருக்கிறது.

கவுனி அரிசி தவிடோடு இருப்பதால் ஆர்சனிக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். எப்போதாவது இனிப்பாக ஒரு கிண்ணம் சாப்பிடுவதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உடம்புக்கு நல்லது என்று தினம் காலையில் கவுனிக் கஞ்சி, அதுவும் கைக்குழந்தைக்கு என்றால் வேண்டாம், கேழ்வரகு, கம்பு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுகிறோமே என்று கேட்டால், முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதை எடுங்கள், அது போதும்.

மீன்

தொண்டிப் பக்கமிருந்து வரும் மீனில் நெத்திலி, மத்தி, காரப்பொடி போன்ற சின்ன மீன்களைத் தாராளமாகச் சாப்பிடலாம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்துவைக்கும். அது சதையிலேயே ஒட்டியிருப்பதால் மஞ்சள் போட்டுக் கழுவினாலும், எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் போகாது. மீனில் சேரும் மெத்தில் பாதரசம் என்ற வகைக்கு, மேலே சொன்ன நிபுணர் குழு 2003இல் வைத்த அளவு, கிலோ உடல் எடைக்கு வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். 50 கிலோ உள்ளவருக்கு வாரத்துக்கு 80. கிலோவுக்கு அரை மில்லிகிராம் உள்ள மீனில் 160 கிராம் சாப்பிட்டாலே வார ஒதுக்கீடு முடிந்தது.

இங்கே ஒரு சங்கடமான விஷயம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறாப் புட்டு செய்து கொடுப்பது நம் பழக்கம். அமெரிக்கப் பட்டியலில் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களில் சுறா இருக்கிறது. வஞ்சிரத்துக்கு நெருங்கிய சொந்தமான கிங் மேக்கரலும் இருக்கிறது. சுறாவில் குட்டைச் சாதி, சின்னது என்றால் பாதரசம் குறைவாகத்தான் இருக்கும், ஒரு நாள் சாப்பிட்டதற்குக் கலங்க வேண்டாம். ஆனால் மாசமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் வாரா வாரம் சுறா என்பதை விட்டுவிட்டு மத்தி, நெத்திலியில் அதே புட்டைச் செய்யச் சொல்லி ஆச்சியிடம் கேளுங்கள். முறைப்பார்கள், செய்து தருவார்கள்.

சந்தேகம் இருந்தால்

பிள்ளைகளுக்கு வயிறு காலியாக இருந்தாலும், இரும்பு, சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் ஈயம் அதிகம் உறிஞ்சும். பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அவர்கள் உடம்பு இழுக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதும், முருங்கைக்கீரையும், ரத்தசோகைக்கு மருந்தும் இந்தக் கணக்கில்தான் வரும். பழைய வீட்டில் வேலை நடக்கிறது, அல்லது வருஷக்கணக்காக ஒரே பழைய சட்டியில் சமைத்தீர்கள் என்றால் ரத்த ஈயச் சோதனை செய்யலாம். கை நரம்பிலிருந்து எடுத்த ரத்தம்தான் நம்பகமானது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைத் தாண்டிய பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்கிறது. ரத்தத்தில் தெரிவது சுமார் ஒரு மாதக் கணக்கு, எலும்பில் ஏறினது வருஷக்கணக்கில் கிடக்கும்.

மருந்து கொடுத்துச் சிறுநீரைச் சோதித்து "உடம்பு முழுக்க உலோகம்" என்று சொல்லி நச்சு நீக்கப் பேக்கேஜ் விற்கிறவர்களிடம் போகாதீர்கள். அந்த மருந்துக்கு உலோகத்தை இழுத்துத் தள்ளுவதுதான் வேலை, யாருக்குக் கொடுத்தாலும் சிறுநீரில் அளவு ஏறத்தான் செய்யும். சர்க்கரை நோயோடு மாரடைப்பும் வந்தவர்களுக்கு உலோகத்தை இழுக்கிற இ.டி.டி.ஏ. என்ற மருந்துச் சிகிச்சை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2024இல் வந்தது. ரத்தத்தில் ஈயம் 61 சதவீதம் குறைந்தும் மாரடைப்பு, மரணம் குறையவில்லை. ரத்த ஈயம் மிக அதிகமாக இருந்தால் மருத்துவமனையில் வைத்துக் கொடுக்க வேண்டிய சிகிச்சை அது.

கடைச் சாமான் மேல் சந்தேகம் என்றால், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு வாங்குகிற யாருக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. பணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், அதை விட்டுவிட்டால் செல்லாது. சட்டத்துக்கு மாறாக இருந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். பில்லைப் பத்திரமாக வையுங்கள், சில்லறையாக அள்ளிப் போடுகிற மஞ்சளுக்கும் பில் கேளுங்கள்.